திரைச்சீலைக்கு வெளியே ஒரு கை

அத்தியாயம் ஐந்து

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் புரோக்கரிடம் போவார்கள், அடுத்ததாக சித்தி லைலாவிடம் வருவார்கள். மாப்பிள்ளை கட்டாரில் உண்மையிலேயே இன்ஜினியரா, இல்லை இன்ஜினியரின் வாகனத்தைக் கழுவுகிறவரா என்று விசாரித்துச் சொல்வது அவருடைய தொழில். இப்படி ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவருக்கு ஐம்பது தாண்டியும் ஒரு மாப்பிள்ளை அமையவில்லை. பொய்யை மோந்து பிடிக்கிற பெண்ணைக் கட்ட எந்த ஆம்பிளைக்குத் துணிச்சல் வரும் என்பது என் கருத்து.

நான் பர்ஹான். சித்தி என்பது அவர் பெயரின் பாதி; முறைக்கு லைலா மச்சி எனக்கு மாமி மகள். அவருடைய உதவியாளனும் ஓட்டோ சாரதியும் நான்தான். தேவையில்லாத இடத்தில் பகிடி விடுவதும் என் பொறுப்பு. அதை அவர் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை எங்களைக் கூப்பிட்டவர் மாப்பிள்ளை தேடுகிறவர் அல்ல. தைரொயிட் நோயாளிகளைப் பார்க்கிற டொக்டர் ஜீவராஜ். ஆஸ்பத்திரியில் கிளினிக், அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் ஆய்வுகூடம். மனிதர் தூங்கிப் பல நாளான முகத்தோடு இருந்தார்.

"ஒரு பொம்பிளையக் கண்டுபிடிக்கோணும், லைலா."

"பேர்?"

"தெரியா."

"ஊர்?"

"அதுவும் தெரியா. அவட ரத்தம் மட்டும்தான் என்னட்டக் கிடக்கு."

"மாப்பிள்ள வீட்டுக்காரன்கூட ஒரு போட்டோவாவது கொண்டு வருவான், டொக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சூடான பெட்டியொன்றின் கதவைத் திறந்து, இளஞ்சிவப்புத் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்திருந்த ஒரு சப்பைக் குப்பியைக் காட்டினார். பிறகு விளக்கம் சொன்னார். கிருமியை அடிக்க உடம்பு செய்கிற ஆயுதத்துக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். சிலருக்கு அது புத்தி மாறிச் சொந்த உடம்பிலேயே கை வைக்கும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைப் பிடித்து ஓயாமல் உசுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கண் பிதுங்கும், ஆள் உருகிப்போவார். ஒரு நோயாளியின் இரத்தத்தில் இந்த வகை அடியாட்கள் பல பேர் கூட்டமாகத் திரிவதால், எவன் எப்படி அடிக்கிறான் என்று தனியாகப் பிடித்து ஆராய முடியாது.

அதனால் ஜீவராஜ் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வெள்ளைக் கலங்களைப் பிரித்தார். சாகாமல் பெருகிக்கொண்டே போகும் வேறொரு கலத்தோடு அவற்றை ஒட்டவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் வளர்த்தார். ஆயிரக்கணக்கான குழிகளில் ஒன்றே ஒன்று பிடித்தது. அந்த ஒற்றைக் கலத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே பிறபொருளெதிரியைச் சுரந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பம்தான் குப்பிக்குள் இருந்தது.

"இது சாகாதா?" என்று மச்சி கேட்டார்.

"சாப்பாடு குடுத்தா சாகாது. எங்கள் எல்லாருக்கும் பிறகும் இருக்கும்."

"தனியாவா?"

டொக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் விளங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். குப்பியில் இருந்தது அவருடைய நோயாளி சாய்ந்தமருது ஸாலிஹாவின் பெயர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் வீட்டில் எடுத்த இரத்தம். போன மாதம் புதிதாக ஸாலிஹாவின் இரத்தத்தை எடுத்து ஒப்பிட்டால், குப்பியில் இருப்பது அவர் கலமே இல்லை.

"இஞ்ச குப்பி மாறியிருக்கும்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆய்வுக்கு ரத்தம் தந்த எல்லாரோடயும் ஒப்பிட்டுப் பாத்திட்டன். ஒருத்தரோடயும் பொருந்தல்ல. ஒரு பொம்பிளை எண்டது மட்டும் உறுதி."

"அதுக்கு ஏன் டொக்டர் நித்திரை முழிக்கிறீங்க?" மச்சி கேட்டார். "குப்பியில பேரை மாத்தினாப் போச்சு."

ஜீவராஜ் குப்பியை உள்ளே வைத்துக் கதவை மூடினார். "இவ்வளவு வலுவான ஒண்ட நான் கண்டதில்ல. இது தாயிட ரத்தத்தில இருந்து வயித்துப் பிள்ளைக்குப் போகும். பிள்ளையிட சுரப்பிய உசுப்பும். நெஞ்சு அடிச்சு அடிச்சே பிள்ளை செத்துப்போகும். நேரத்துக்குத் தெரிஞ்சா மருந்து கிடக்கு. அவக்கு இது ஒண்டும் தெரியாம இருக்கு. இண்டைக்கு அவ எங்கயாவது வயித்தோட இருந்தா?"

மச்சி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார். "ஆள் எப்பிடி இருப்பா?"

"வருத்தக்காரியாத்தான் இருப்பா. மெலிஞ்சு, கண் பிதுங்கி, பொறுமை இல்லாம..."

"என்ட பொஞ்சாதி கோவத்தில அப்பிடித்தான் இரிப்பா" என்றேன். மச்சி என் முதுகில் ஒன்று வைத்தார்.

*

ஸாலிஹாவிடம் இரத்தம் எடுக்கப் போனவர் ஹமீட். ஆய்வுகூடத்தில் ஊசி பிடிக்கிறவர். சாய்ந்தமருதில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்தோம். தன் தலையில்தான் எல்லாம் விடியப்போகிறது என்ற பயத்தில் பிளேன்டியைத் தொடாமலே ஆறவிட்டிருந்தார்.

"ஸாலிஹாட புருஷன் மௌத்தாகி அவ இத்தா இருந்த நேரம், ராத்தா. மருந்து தொடங்கமுதல் ரத்தம் வேணும் எண்டு டொக்டர் சொன்னார். வெளியில வர ஏலாதே. அதால நான் வீட்ட போனன்."

கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருப்பாள். அலங்காரம் இல்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு.

"அப்ப எப்பிடி ஊசி போட்டீங்க?" மச்சி கேட்டார்.

"நான் ஹோலுக்குள்ள கதிரை போட்டு இருந்தன். அறை வாசல்ல திரைச்சீலை. சீலைக்குள்ளால கை வந்திச்சி. எடுத்திட்டு வந்திட்டன்."

மச்சியின் கண் சுருங்கியது. கடையின் பின்பக்கம், சமையல் இடத்தை மறைத்து ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. "பர்ஹான், அதுக்குப் பின்னால போ. கைய நீட்டு."

"நானா? நான் இத்தா இரிக்கல்லயே மச்சி."

"போடா."

போனேன். ஒரு பக்கம் ரொட்டி போடுகிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்க, திரைக்குள்ளால் கையை நீட்டினேன். வெளியே ஹமீட் சொல்வது கேட்டது.

"இப்பிடியில்ல. உள்ளங்கை மேல பாக்க வந்திச்சி. ஓம், இப்பிடி. மத்தக் கையும் கொஞ்சம் வெளிய வந்திச்சி. முழங்கை மடிப்பில ரெண்டு தரம் தட்டினா. தட்டின இடத்தில நரம்பு அப்பிடியே எழும்பி நிண்டிச்சி."

"விரல்?"

ஹமீட் யோசித்தார். "பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சிவப்பு. மருதோண்டிச் சிவப்பு."

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். "முடிஞ்சிது மச்சி! இத்தாவில மருதோண்டி போட ஏலாது. அது ஸாலிஹா இல்ல. அவட தங்கச்சி றாஹிலா!"

"றாஹிலா அந்த வரிசம் முழுக்கக் கட்டார்ல" என்றார் ஹமீட். "அந்த மனிசி வீட்டில தனியத்தான் இருந்தா."

நான் உட்கார்ந்தேன். மச்சி என்னைக் கவனிக்கவேயில்லை. "உள்ளங்கையில மருதோண்டி இருந்திச்சா, ஹமீட்?"

"இல்ல ராத்தா. வெள்ளையா இருந்திச்சி."

"என்ன கதைச்சா?"

"ஒண்டும் கதைக்கல்ல. சலாம் சொன்னன், பதில் வரல்ல. குரல் காட்ட விருப்பமில்லையாக்கும் எண்டு நான் நினைச்சன்."

"சொன்ன நாளிலதான் போனீங்களா?"

ஹமீட் தலையைக் குனிந்தார். மறுநாள் வருவதாகத்தான் சொல்லியிருந்தாராம். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால் ஒரு நாள் முந்திப் போய்விட்டார்.

மச்சி அவருடைய ஆறிப்போன பிளேன்டியை எடுத்துத் தானே குடித்தார். நல்ல துப்புக் கிடைத்தால் அவருக்குத் தாகம் எடுக்கும்.

*

ஸாலிஹாவின் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. நான்கு தரம் தட்டிய பிறகு திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இத்தா முடிந்து எவ்வளவோ காலம், ஆனால் முற்றத்தில் ஒரேயொரு சோடிச் செருப்புத்தான் கிடந்தது, அதிலும் தூசி. நான் வாசலோடு நின்றேன். மச்சி உள்ளே போய் அவருக்கு எதிரே இருந்தார்.

"அது என்ட கைதான், ராத்தா" என்றார் ஸாலிஹா, கேட்பதற்கு முதலே.

"உங்களுக்கு ஊசி எண்டா பயமா, தங்கச்சி?"

"ஓம். போன மாசமும் மயங்கி விழுந்திட்டன்."

"அண்டைக்குக் கை நீட்டினவ பயப்படல்ல. நரம்பைத் தட்டிக் காட்டினா." மச்சி குரலை உயர்த்தவில்லை. "இன்னொண்டு. ஹமீட் சலாம் சொல்லியும் பதில் வரல்ல. நானும் எத்தின வீட்டுக்குப் போறன். சண்டைக்கு நிக்கிற வீட்டில கூட சலாத்துக்குப் பதில் சொல்லிட்டுத்தான் ஏசுவாங்க. இத்தா இரிக்கிற பொம்புளையும் திரைக்குள்ள இருந்து மெல்லமாச் சொல்லுவா. அது எங்கட ஆள் இல்ல. உங்கட கூட்டாளி."

ஸாலிஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க அப்ப வீட்டில இல்ல" என்றார் மச்சி. "எங்க போனீங்க எண்டு நான் கேக்க வரல்ல."

ஆனால் ஸாலிஹா சொன்னார். இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அவரை உள்ளேயே தின்றிருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் மையவாடி, எங்கள் ஆட்களை அடக்குகிற இடம். பின்னேரம் அசர் தொழுகை முடிந்து ஆள் நடமாட்டம் குறைகிற நேரம் போய், மதிலுக்கு வெளியே நின்று கணவரின் கபுறைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அடக்குகிற போது பெண்கள் போவதில்லை, அவரும் போகவில்லை. எந்த இடத்தில் படுத்திருக்கிறார் என்றாவது தெரிய வேண்டாமா என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் இருந்தவள்தான் அந்தக் கூட்டாளி. ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி வந்து அவரோடு இருந்துவிட்டுப் போன ஒரே ஆள்.

"ஊர் அறிஞ்சா என்னை என்ன சொல்லும், ராத்தா?"

"என்னட்ட இருந்து அறியாது. அவட பேரைச் சொல்லுங்க."

ஸாலிஹா தலையசைத்து மறுத்தார். "சத்தியம் பண்ணியிரிக்கன். அவ இந்த வீட்டுக்கு வந்ததையும் சொல்லமாட்டன், அவட வருத்தத்தையும் சொல்லமாட்டன் எண்டு. சொன்னா அவட வாழ்க்கை போயிரும்."

மச்சி டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். அந்த இரத்தம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதையும் சொன்னார். ஸாலிஹாவின் முகம் வெளிறிப்போனது. அவள் கலியாணம் முடித்துப் போன பிறகு அவளைக் காணவேயில்லை என்றார். யோசிக்க வேண்டும் என்றார். மச்சி மறுபடி கேட்காமல் எழும்பிவிட்டார்.

ஓட்டோவில் ஏறியதும் நான் கத்தினேன். "இன்னும் ரெண்டு நிமிசம் உலுக்கியிருந்தா பேர் விழுந்திரிக்கும்!"

"அந்த மனிசிட்ட இனி மிஞ்சிக் கிடக்கிறது அந்தச் சத்தியம் மட்டும்தான். அதையும் பிடுங்கிட்டு வரவா? பேரை நாங்களே தேடுவம். மருதோண்டி போட்டுக்கிறவளுக்கு எங்க சிவக்கும்?"

"உள்ளங்கையில."

"போட்டு விடுறவளுக்கு?"

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த பஸ்காரர் என் வாப்பாவை ஞாபகப்படுத்தி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கோனைப் பிதுக்கி வரைகிறவளுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் சிவக்கும்.

"மருதோண்டி போடுறது அவட தொழில்" என்றார் மச்சி. "முஸ்லிம் இல்ல. ஊசி குத்திக் குத்திப் பழகினவ. சாய்ந்தமருது விதவைக்கும் அவளுக்கும் எங்க பழக்கம் வந்திரிக்கும்? தைரொயிட் கிளினிக்ல காத்துக்கொண்டு குந்துற வாங்கில. நீ கலியாண வீடு கலியாண வீடா ஓட்டோ ஓடுறவன். யோசி."

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "ஜெனோசா! பாண்டிருப்பில இரிக்கிற வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவ. எங்கட மணப்பொண்ணுகளுக்கெல்லாம் அவதான் போடுவா. ஆனா மச்சி, அவ வருத்தக்காரி இல்ல. நல்ல சதைப்பிடிப்பா, சிரிச்ச முகமா இரிப்பா. கண்ணும் பிதுங்கல்ல."

மச்சியும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு டொக்டருக்கு அழைப்பெடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிப் போனைப் பிடித்தார்.

"டொக்டர், ஆய்வுக்கு ரத்தம் தர வந்து, நீங்க வேணாம் எண்டு அனுப்பினாக்கள் இரிக்காங்களா?"

"ஒருத்தர் ரெண்டு பேர். சுரப்பிய முதலே வெட்டி எடுத்தாக்கள். அவைக்கு வருத்தம் முடிஞ்சுது, அதால தேவைப்படல்ல."

"அதில ஜெனோசா எண்டு ஒரு பிள்ளை?"

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

"அடி வாங்கின சுரப்பிய வெட்டி எறிஞ்சிட்டீங்க" என்றார் மச்சி மெதுவாக. "அடிச்சவன் எங்க போனான், டொக்டர்?"

"எங்கயும் போகமாட்டான்" என்றார் ஜீவராஜ். "ரத்தத்தில கன காலம் திரிவான். அடிக்கச் சுரப்பி இல்லாததால ஆள் சுகமா இருப்பா. நான்... நான் இதைப் படிச்சவன், லைலா. என்ட கதவால வந்தவள நான்தான் திருப்பி அனுப்பினன்."

நாங்கள் காலையிலிருந்து தேடியது மெலிந்த, கண் பிதுங்கிய ஒருத்தியை. தேட வேண்டியிருந்தது ஊரிலேயே சுகமாகத் தெரிகிற ஒருத்தியை. எனக்கு அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

"மச்சி, கொஞ்ச நாளா ஜெனோசா கலியாண வீடுகளுக்கு வாறல்ல. அவ மாசமா இரிக்காவாம்."

"ஓட்டோவ எடு" என்றார் மச்சி.

*

பாண்டிருப்பில் ஒரு பெரிய வீட்டின் பின்வளவில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள், ஏழு மாதமாவது இருக்கும். அந்த வெக்கையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு ஷால்.

"மருதோண்டிக்கா வந்தீங்க, அக்கா? இப்ப போடுறல்ல. குந்தி இருக்க ஏலா."

"ஸாலிஹாட வீட்டில திரைக்குள்ளால கை நீட்டினது நீங்கதானே, பிள்ளை?"

ஜெனோசா கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஸாலிஹா அக்கா சொன்னாவா?"

"இல்ல. கடைசி வரைக்கும் வாய் திறக்கல்ல."

அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். எங்களை உள்ளே கூப்பிட்டு, இருந்த ஒரே கதிரையை மச்சிக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

"ரத்தம் எடுக்க வந்திரிக்கன் எண்டு அவர் ஹோலுக்குள்ள வந்திட்டார். அக்கா வெளிய போயிட்டா எண்டு சொன்னா ஒழுங்கை முழுக்கக் கதை வரும். அதான் நீட்டினன். சலாம் சொன்னார். பதில் எனக்குத் தெரியும் அக்கா, எத்தின வீட்டில கேட்டிரிக்கன். ஆனா கையப் பொய்யாக் குடுத்தது போதும், சலாத்தையும் பொய்யாச் சொல்ல மனம் வரல்ல."

கொஞ்சம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்கு முதல் கிழமைதான் டொக்டர் என்னை அனுப்பினார். உம்மட ரத்தம் தேவைப்படாது பிள்ளை எண்டார். அம்மா செத்த பிறகு ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல. அண்டைக்கு ஊசி ஏறக்குள்ள, ஆருக்கோ தேவைப்படுறன் எண்டு சந்தோசமா இருந்திச்சி."

மச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் அறைக்கு வெளியே பார்த்தபடி நின்றேன். ஜெனோசா வயிற்றில் கை வைத்தாள்.

"கொஞ்ச நாளா நிக்காம உதைக்கிறான், அக்கா. கெட்டிக்காரன் எண்டு நான் சந்தோசப்பட்டன்."

மச்சி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அஜந்துக்கும் ஆபரேஷன் கதை தெரியா" என்றாள். அஜந் அவள் கணவன், தோஹாவில் வேலை. "காலையில குடிக்கிற குளிசைய விற்றமின் எண்டு சொல்லி வெச்சிரிக்கன். அவர்ட அம்மா செசிலி மாமி அறிஞ்சா, கழுத்து வெட்டினவள மறைச்சுக் கட்டி வெச்சிட்டாங்க எண்டு ஊரக் கூட்டுவா."

"கூட்டட்டும். மாமி ஏசினா நாளைக்குச் சமாளிக்கலாம். பிள்ளைக்கு மருந்து இண்டைக்கே வேணும்."

ஜெனோசா ஷாலைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

*

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தைக் கருவியில் கேட்டோம். தகரத்தில் பெருமழை கொட்டுகிற வேகம். ஜீவராஜ் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார். தாய் விழுங்குகிற குளிசை பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து அந்தச் சுரப்பியை அடக்கும், அதுவரை வார்டில் இருந்து கவனிக்க வேண்டும் என்றார். பிறகு, அன்றைக்கு உம்மை நான் அனுப்பியிருக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். டொக்டர்மார் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"உங்கட குப்பியில இரிக்கிறது என்ட ரத்தமா, டொக்டர்?"

"ஓம்."

"நல்லா இரிக்கா?"

"நல்லா இரிக்கு, பிள்ளை. ஒரு நாளும் என்னைக் கைவிடல்ல."

அந்த நேரம் வார்டுத் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, வந்தார். "இரவைக்கு ஆள் நிக்கோணும். ஆர் நிக்கிற?"

ஜெனோசா யன்னலைப் பார்த்தாள். தாய் இல்லை, கணவன் கடல் கடந்து, மாமிக்குச் சொல்ல முடியாது. ஒரு பெயர் கூட அவள் வாயில் வரவில்லை. நான் நிற்கிறேன் என்று சொல்ல மச்சி வாயெடுத்தார்.

கதவடியில் யாரோ மூச்சு வாங்கியபடி வந்து நின்றார்கள். ஸாலிஹா. தூசி தட்டாத அதே செருப்பு. ஒருவரையும் பார்க்காமல், மனப்பாடம் செய்துகொண்டு வந்தது போல் டொக்டரிடம் சொன்னார்.

"நான் பேரைச் சொல்ல வந்தன், டொக்டர். சத்தியத்த முறிக்கிறன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவ பேர்..."

"அக்கா" என்றாள் ஜெனோசா.

ஸாலிஹா திரும்பினார். கட்டிலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஓடிப்போய் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். மிஸ்ஸி அபாயாவையும் பார்த்தார், ஜெனோசாவின் கழுத்துச் சிலுவையையும் பார்த்தார்.

"நீங்களா நிக்கிற? இவ உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டும் இல்ல, மிஸ்ஸி" என்றார் ஸாலிஹா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவட ரத்தத்துக்கு ரெண்டு வரிசமா என்ட பேரத்தான் வெச்சிரிக்காங்க. டொக்டரிட்டக் கேளுங்க."

மிஸ்ஸி டொக்டரைப் பார்க்க, டொக்டர் ஓம் என்று தலையாட்டினார். மிஸ்ஸி மேற்கொண்டு கேட்காமல் ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலடியில் போட்டார்.

*

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினோம். "செசிலி மாமிட கதைய எப்பிடிச் சமாளிக்கிற?" என்றேன். மச்சி மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஹமீட் இனி திரையக் கண்டாலே ஓடுவான்" என்றேன். அதற்கும் சிரிப்பில்லை.

"போன வரிசம் நோம்புக்கு முதல் நானும் இந்த வார்டுலதான் கிடந்தன்" என்றார் திடீரென்று.

"எப்ப? என்னத்துக்கு?"

"பித்தப்பையில கல். ஆள் நிக்கோணும் எண்டு கேட்டாங்க. இப்ப வருவாங்க எண்டு சொன்னன். அடுத்த மிஸ்ஸி வந்து கேட்டா. இப்ப வருவாங்க எண்டன். டிஸ்சார்ஜ் பண்ணி டிக்கட் வெட்டி வீட்ட போற வரைக்கும் அதையே சொன்னன்."

"எனக்கு ஒரு கோல் அடிச்சிருக்கலாமே, மச்சி."

"பொம்புளை வார்டுல உன்னை எங்க நிக்க விடப்போறாங்க?"

"என்ட பொஞ்சாதி வந்திருப்பாளே."

"அவளுக்கு மூணு புள்ள." மச்சி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஊர்ப் பொம்புளைகளுக்கெல்லாம் ஆரை நம்பலாம் எண்டு விசாரிச்சுச் சொன்னன், பர்ஹான். எனக்கொண்டு எண்டா ஆரக் கூப்பிடுற எண்டு விசாரிக்கவே இல்ல."

எனக்கு அவமானமாக இருந்தது. தினமும் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தவன் நான்.

சந்தியில் அவர் வீடு இடது பக்கம். நான் வலது பக்கம் திருப்பினேன்.

"டேய், எங்க போற?"

"எங்கட வீட்ட. பொஞ்சாதி சோறு ஆக்கியிரிப்பா. சாப்பிடுவம். அந்த மூணு புள்ளைகளுக்கும் உங்கட போன் நம்பரப் பாடமாக்கிக் குடுக்கோணும்."

இறக்கிவிடு என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.